ஆங்கில வழி வகுப்பில் தமிழுக்கு எங்கே இடம்?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் பதிவேட்டில் ஆங்கில வழி, மீதிப் பேர் தமிழ் வழி. உட்காருவது எல்லாரும் ஒரே அறையில்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பள்ளிப் பார்வைக்கு வந்த ஓர் அலுவலர், 'ஆங்கில வழிப் பிள்ளைகளிடம் தமிழே பேசக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் போனார். செய்து பார்த்தேன், வகுப்பில் பேச்சே நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஜூனிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு உடனே தமிழில் சொல்கிறேன். அது சரியா என்றும் தெரியவில்லை. என் ஆங்கிலமே போதாது என்று பயமாக இருக்கிறது. செல்போனில் '120 மணி நேர ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்' என்று விளம்பரம் வருகிறது. சேரலாமா? பேசாமல் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளைத் தமிழ் வழிக்கே மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசுங்கள். ஆனால் எந்த இடத்தில் பேசுவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை வகுப்புக்குள் போகும் முன்பே முடிவு செய்துகொண்டு பேசுங்கள். உங்களுக்குக் கிடைத்த பயிற்சியில் விடுபட்டுப்போனது இந்த இரண்டாவது பாதிதான். 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கின. பிரிவு திறந்த வேகத்துக்கு ஆசிரியரைத் தயார் செய்யும் வேலை ஈடுகொடுக்கவில்லை. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து 'நடத்துங்கள்' என்றார்கள். அந்தச் சுமையை நீங்கள் உங்கள் குறையாக எடுத்துக்கொண்டிருப்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. தயவுசெய்து அதை இறக்கி வையுங்கள்.

அலுவலர் சொன்னதை முதலில் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், பாடமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டமே அப்படிச் சொல்லும்போது, ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் நீங்கள் விளக்குவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆராய்ச்சியும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி 1979-லிருந்து எழுதிவந்தது எங்கள் துறையில் எல்லாரும் படிப்பது. விளையாட்டிலும் கடையிலும் பேசும் ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தைப் படித்துச் சிந்திக்கும் அளவுக்கு ஆங்கிலம் வர ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகிறது. அதுவும் தெருவில் இறங்கினால் ஆங்கிலம் காதில் விழும் ஊரில். நம் பிள்ளைக்கு உங்கள் வகுப்பை விட்டால் ஆங்கிலம் கேட்க வேறு இடம் இல்லை. அவனிடம் முதல் வருடமே ஆங்கிலத்தில் கணக்கைப் புரிந்துகொள் என்பது நடக்காத காரியம்.

இன்னொரு உதாரணத்தை நான் பயிற்சிகளில் தவறாமல் சொல்வேன். நைஜீரியாவில் இஃபே நகரத்தில் 1970-இல் பாப்ஸ் ஃபஃபுன்வா என்ற கல்வியாளர் தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கப் பள்ளித் திட்டம். ஒரு பிரிவுப் பிள்ளைகள் ஆறு வருடமும் தங்கள் தாய்மொழியான யொரூபாவில் பாடம் படித்தார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் படித்தார்கள். இன்னொரு பிரிவு, அந்நாட்டு வழக்கப்படி மூன்று வருடம் கழித்து ஆங்கில வழிக்கு மாறியது. கடைசியில் யொரூபா வழிப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முன்னால் இருந்தார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. இதைத் தாய்மொழிக் கல்விக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுகிறார்கள். சரிதான். ஆனால் அந்தத் திட்டத்தில் ஆங்கிலத்தைக் கற்பித்தவர் அந்த வேலைக்கென்றே தயார் செய்யப்பட்டவர் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இனி நீங்கள் இப்போது செய்வதற்கு வருகிறேன். வரிக்கு வரி ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். அப்படிச் செய்தால் பிள்ளை ஆங்கில வரியைக் காதில் வாங்குவதே இல்லை. அடுத்து தமிழ் வரும் என்று அவனுக்குத் தெரியும், அதற்காகக் காத்திருக்கிறான். வருடம் முழுக்க ஆங்கிலம் ஒலித்தும் ஒன்றும் ஒட்டாமல் போவது இதனால்தான்.

இதற்குப் பதிலாக என்ன செய்வது? இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரவியிடம் 8 கோலி, மாலாவிடம் 5 கோலி. மாலாவைவிட ரவியிடம் எத்தனை கோலி அதிகம்? ஆங்கிலத்தில் இதை 'ஹவ் மெனி மோர்' என்று கேட்டிருக்கும். பாதிப் பிள்ளைகள் 13 என்று எழுதுவார்கள். 'மோர்' என்றால் கூட்டல் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். கேள்விதான் புரியவில்லை.

புளியங்கொட்டையை எடுங்கள். தரையில் எட்டு ஒரு வரிசை, அதற்குக் கீழே ஐந்து ஒரு வரிசை, ஒன்றுக்கு ஒன்று நேராக வையுங்கள். 'யார்கிட்ட அதிகம்? எவ்ளோ அதிகம்? எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று முழுக்கத் தமிழில் பேச விடுங்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடட்டும். ஜோடி இல்லாத மூன்று கொட்டைகளை யாராவது தொட்டுக் காட்டும்வரை ஆங்கிலம் வர வேண்டாம். காட்டிவிட்டார்களா? கொட்டைகளை எடுக்காமல், அவற்றைத் தொட்டுக்கொண்டே, ஆங்கிலக் கேள்வியை மெதுவாக இரண்டு முறை சொல்லுங்கள். தமிழில் திருப்பிச் சொல்லாதீர்கள். கையே அர்த்தத்தைச் சொல்லிவிடும். அப்புறம் எண்களை மாற்றி, ஒன்பதும் நான்கும் வைத்து, இந்தத் தடவை ஆங்கிலத்தில் மட்டும் கேளுங்கள். 'ஃபைவ்' என்று ஒரு சொல்லில் பதில் வந்தாலும் போதும். 'யெஸ், ஃபைவ் மோர்' என்று நீங்கள் முழுசாக்கிச் சொல்லுங்கள். பாடவேளை முடியும் முன் மறுபடி தமிழ்: 'இன்னைக்கு என்ன கத்துக்கிட்டோம், சொல்லு பார்க்கலாம்.'

முன்னால் தமிழ், நடுவில் ஆங்கிலம், பின்னால் தமிழ். இருமொழிக் கல்வியில் பழகிய ஆசிரியர்கள் உலகம் முழுக்கக் கையாளும் வரிசை இது. நடுவில் இருக்கும் ஆங்கிலப் பகுதி ஜூனில் ஐந்து நிமிடமாக இருக்கும், பிப்ரவரியில் இருபது நிமிடமாகும். அதை நீட்டிக்கொண்டே போவதுதான் உங்கள் வேலை. வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷ் மொழியையும் ஆங்கிலத்தையும் இப்படித் திட்டமிட்டு மாற்றி மாற்றிக் கையாளும் முறை உண்டு: ஒரு மொழியில் வாசித்து, மறு மொழியில் எழுதுவது. 1990-களில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் அதை முறைப்படுத்தினார். இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிப் பாடமாக இருப்பது, இரு மொழிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தியவர்களிடமிருந்து வந்ததுதான்.

இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது வசதியாகவே தெரிகிறது. தமிழ் வழிக் கணக்குப் புத்தகமும் ஆங்கில வழிக் கணக்குப் புத்தகமும் ஒரே பாடங்கள், ஒரே படங்கள். ஓர் ஆங்கில வழிப் பிள்ளையையும் ஒரு தமிழ் வழிப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு புத்தகத்தையும் ஒரே பக்கத்தில் திறக்கச் சொல்லுங்கள். ஆந்திரத்தில் 2020-21-லிருந்து தெலுங்கும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும்படி பாடப்புத்தகமே அச்சிட்டார்கள். உங்கள் அறையில் அது செலவில்லாமல் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பழகிவிட்டீர்கள். அந்தக் குழுக்களுக்குள்ளேயே இந்த ஜோடிகளை அமைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது கணக்குக்கும் சூழ்நிலையியலுக்கும். ஆங்கிலப் பாடவேளை வேறு. அங்கே ஆங்கிலம் நிறையக் காதில் விழ வேண்டும், தமிழ் அங்கங்கே கைகொடுத்தால் போதும். 'எழுந்து நில், கதவைத் தொடு, சிவப்புப் பென்சிலை எடு' போன்ற கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்லி, நீங்களும் செய்து, பிள்ளைகளையும் செய்ய வையுங்கள். சில நாள் கழித்து நீங்கள் செய்யாமல் சொல்லுங்கள். கேட்டுச் செய்வதுதான் முதல் படி. வாய் திறப்பது அதற்கு அப்புறம் வரும்.

அந்தப் பையன் விஷயமும் இதுதான். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பல மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது வழக்கம். அவனை எழுப்பி நிறுத்தி 'சொல்லு' என்று கேட்காதீர்கள். கட்டளை விளையாட்டில் அவன் கை சரியான பென்சிலுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகிறது என்றால் உள்ளே மொழி சேர்ந்துகொண்டிருக்கிறது. தமிழிலும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் காது பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். ப, ட, ம் என்று எழுத்துகளைச் சொன்னாலே 'படம்' வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளையிடம் 'சி, ஏ, டி' என்று எழுத்தின் பெயர்களைச் சொல்லிவிட்டு அது 'கேட்' என்றால், அவனுக்கு எந்தச் சம்பந்தமும் தெரியாது. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவான். எழுத்தின் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஒலியைச் சொல்லுங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலி தெரிந்தாலே சிட், டின், டேப், பேன் என்று பல சொற்களைப் பிள்ளை தானே கூட்டிப் படித்துவிடும். தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது மிகச் சீக்கிரம் பிடிபடும், ஒலிகளைச் சேர்க்கும் வித்தை அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஆங்கில வழிப் பிள்ளை என்பதற்காகத் தமிழ் வாசிப்பில் சலுகை கொடுக்காதீர்கள். தமிழில் வாசிக்கத் தடுமாறுகிறவன் ஆங்கிலத்திலும் தடுமாறுவான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க வைக்காதீர்கள். 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியா குப்பைத்தொட்டியா என்று யாருக்கும் தெரியாது. நமக்கு இரண்டு ஒலிக்கும் எழுத்து ஒன்றுதான், அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். ஆங்கிலத்தில் சொல்லின் முதலிலேயே அந்த வேறுபாடு வருவதால் பிள்ளையின் காதுக்கு அதைப் பழக்க வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டுங்கள். குண்டூசியைச் சொல்லும்போது காற்றுப் பட்டுக் காகிதம் ஆட வேண்டும். தொட்டிக்கு அவ்வளவாக ஆடக் கூடாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். முதலில் நீங்கள் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள், நம்மில் பலருக்கும் அந்தக் காற்று வராது.

இனி உங்கள் பயிற்சி. நம் ஊரில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு நீண்ட கதை உண்டு. 1950-களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் இன்னும் சிலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு என்று பனிப்பந்து மாதிரி உருண்டு பெருகும் திட்டம். இன்றும் மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு என்று பயிற்சி இறங்குவது அந்த வழியில்தான். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சாரம் குறைகிறது. உங்களிடம் வந்து சேரும்போது திரையில் ஓடும் பக்கங்களும் கையெழுத்துப் பதிவேடும்தான் மிஞ்சுகின்றன. அதனால் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் நீங்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: 'நிஜமான பிள்ளைகளை வைத்து ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள்.' பயிற்றுநர் தயங்கினால், கூட்டம் நடக்கும் பள்ளியின் பிள்ளைகளை வைத்து நீங்களே அந்தப் புளியங்கொட்டைக் கணக்கை நடத்துங்கள், மற்றவர்கள் பார்த்துக் குறை சொல்லட்டும். எத்தனையோ விரிவுரைகளில் கிடைக்காதது அந்த முப்பது நிமிடத்தில் கிடைக்கும்.

அதே மண்ணில்தான் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை சென்னையிலும் பெங்களூரிலும் சாதாரணப் பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கவனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாகப் படிகிறது என்பது அவர் கண்டது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தலுக்கு அது முக்கியமான வேர். உங்கள் புளியங்கொட்டைக் கணக்கும் அந்த வகைதான்.

அந்த 120 மணி நேர விளம்பரத்தில் பணம் போடாதீர்கள். அவை பெரும்பாலும் வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கானவை. பிள்ளைகள் முன்னால் நின்று நடத்திப் பார்க்கும் வாய்ப்பே பலவற்றில் கிடையாது. கேம்பிரிட்ஜின் செல்டா மரியாதைக்குரிய படிப்பு, நடத்திக் காட்டித்தான் தேற வேண்டும். ஆனால் அது பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க அமைந்தது, செலவும் அதிகம். உங்களுக்கு ஏற்றது பெங்களூரில் இருக்கும் தென்னிந்திய வட்டார ஆங்கிலப் பயிற்சி நிறுவனம். 1963-இல் தொடங்கியது. தென் மாநில அரசு ஆசிரியர்களைத் துறையே அங்கே பயிற்சிக்கு அனுப்புகிறது. பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வரும்போது தயங்காமல் கொடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். வீட்டை விட்டுப் போக முடியாது என்றால், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் படிப்பை அஞ்சல் வழியில் படிக்கலாம்.

உங்கள் சொந்த ஆங்கிலத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு மேடைப் பேச்சு ஆங்கிலம் தேவையில்லை. வகுப்பறைக்குத் தேவையான வாக்கியங்கள் சரளமாக வந்தால் போதும். நாளைய பாடத்தில் நீங்கள் சொல்லப் போகும் ஆங்கில வாக்கியங்களை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தி வாங்கிக்கொண்டு, வாய்விட்டுப் பழகுங்கள். மாதம் ஒரு முறை உங்கள் வகுப்பில் பத்து நிமிடத்தைச் செல்போனில் ஒலிப்பதிவு செய்து பேருந்தில் கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், எந்த இடத்தில் நினைக்காமலே தமிழுக்குத் தாவினீர்கள் என்பது தெரிந்துவிடும். அப்படித் தாவிய இடம்தான் அடுத்த வாரம் நீங்கள் தயாரித்துக்கொண்டு போக வேண்டிய வாக்கியம்.

அலுவலர் மறுபடி வந்தால் வாதம் வேண்டாம். பாடக் குறிப்பேட்டில் எந்த நிமிடத்தில் எந்த மொழி என்று எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள். 'தமிழில் புரிய வைத்து, ஆங்கிலத்தில் பதில் வாங்குகிறேன் சார், நீங்களே கேட்டுப் பாருங்கள்' என்று பிள்ளைகளை முன்னால் விடுங்கள்.

கடைசிக் கேள்வி. பிள்ளைகளைத் தமிழ் வழிக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோரிடம் பேசாதீர்கள், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். ஆங்கிலம் தெரியாததால் வேலையிலும் அலுவலகத்திலும் தலைகுனிந்து நின்றவர்கள் அவர்கள். தங்கள் பிள்ளைக்கு அது நேரக் கூடாது என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. தனியார் பள்ளிக்குப் போகாமல் உங்களை நம்பி வந்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் கட்டளை விளையாட்டு விளையாடட்டும், ஒரு கணக்கை இரண்டு மொழியிலும் சொல்லட்டும். தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்ற பயம் அதைப் பார்த்தால் குறையும். வீட்டில் தெரியாத ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேச முயல வேண்டாம், தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே படக்கதை இலவசமாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை தமிழ்க் கதையை அச்செடுத்துக் கொடுத்தனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை நீங்கள் அதே கதையை ஆங்கிலத்தில் வாசிக்கலாம்.